யாரோட விம்மல்?

"இது நீயே போட்ட ட்யூனா?" என்று நண்பன் கேட்டான். "ஆமாடா" என்றேன். பொய்யில்லை. ஆனாலும் உறுத்தியது.

ப்ளூஸ் ஸ்கேலில் ஆறே ஸ்வரம். சுற்றிச்சுற்றி வரும் பன்னிரண்டு பார். அதற்குள் எதை அழுத்தினாலும் துக்கம் மாதிரியே கேட்கும். பியானோவில் ஸ்வரத்தை வளைக்க முடியாது. அதனால் கறுப்புக் கட்டையைத் தொட்ட விரலைப் பக்கத்து வெள்ளைக் கட்டைக்குச் சறுக்கவிடுகிறேன். ஒரு விம்மல் வருது. யாரோடது?

மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒரு கறுப்பர் கிதார் தந்தியில் கத்தியை அழுத்தி வாசித்ததைக் கேட்டதாக டபிள்யூ. சி. ஹேண்டி எழுதியிருக்கிறார். வாசித்தவருக்கு அதில் பெயரில்லை. 1912இல் ஹேண்டி வெளியிட்ட 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' உரிமையும் சொற்பத் தொகைக்குக் கைமாறிப் போச்சு.

நண்பன் மறுபடி கேட்டால் 'ஆமா'ன்னுதான் சொல்வேன். வேற என்ன சொல்றது? அந்தச் சறுக்கல் வரும்போது மட்டும் அவன் முகத்தைப் பார்க்காமல் வாசிக்கிறேன்.