‘நீ யார்?’ என்ற கேள்வி யாரைச் சுடும்?

2020 ஜனவரியில் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைவு இணைய இதழில் இஸபெல் ஃபால் எழுதிய ஒரு கதை வந்தது. அதுவரை யாரும் கேள்விப்படாத பெயர். ஆனால் கதையின் தலைப்பை எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். ‘நான் என்னைத் தாக்குதல் ஹெலிகாப்டராக அடையாளம் காண்கிறேன்’ என்று தோராயமாகத் தமிழில் சொல்லலாம். திருநர்களைக் கேலி செய்ய இணையத்தில் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்த மீம் அது. “நீ உன்னைப் பெண்ணுன்னு சொல்லிக்கிட்டா நான் என்னை ஹெலிகாப்டர்னு சொல்லிக்கிறேன், போ” என்கிற ரக நக்கல்.

ஃபால் அந்த நக்கலைப் பிடுங்கி, சரி, நிஜமாகவே அப்படி நடந்தால் என்று யோசித்தார். கதையின் நாயகி பார்ப் ஒரு விமானி. அமெரிக்க ராணுவம் அவளுடைய பால் உணர்வையே மாற்றியமைத்துப் போருக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. முன்பு பெண்ணாக இருப்பது எப்படி யோசிக்காமலே வந்ததோ, இப்போது ஹெலிகாப்டராக இருப்பதும் அப்படியே வருகிறது. குண்டு வீசுவதும்தான். அடையாளம் என்று நாம் உயிராக மதிக்கும் ஒன்றை அதிகாரம் ஆயுதமாக்கிவிட முடியுமா என்பது கதையின் கேள்வி.

திருநர் வாசகர்கள் சிலர் கதையைக் கொண்டாடினார்கள். வேறு சிலருக்கு அது வலித்தது. தலைப்போடு நின்று தீர்ப்பு எழுதியவர்களும் உண்டு. ஆசிரியர் குறிப்பில் பிறந்த வருடம் 1988 என்று இருந்தது. நாஜி ஆதரவாளர்கள் 88 என்ற எண்ணைச் சங்கேதமாகப் பயன்படுத்துவதால், அதிலும் சந்தேகம் கிளம்பியது. எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இதை ஒரு ஆண்தான் எழுதியிருக்க வேண்டும் என்றார்கள் சிலர். அந்த மாதமே, ஃபால் கேட்டுக்கொண்டபடி, கதை நீக்கப்பட்டது. அவர் ஒரு திருநங்கை என்று இதழாசிரியர் நீல் கிளார்க் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஃபால் அதை அதுவரை வெளியில் சொல்லியிருக்கவில்லை. தற்கொலை எண்ணம் வந்து, தானாகவே மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அதே கதை ‘ஹெலிகாப்டர் கதை’ என்ற பெயரில் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது.

சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் முட்டாள்களோ கொடூரர்களோ இல்லை. தினமும் அடிபடுகிறவர், கை ஓங்கியது யார் என்று பார்ப்பதற்கு முன்பே தலையைக் குனிந்துகொள்வார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. ஆனால் அந்தப் பூனை விலகிப் போகும், அவ்வளவுதான். அடுப்பை மூட்டியவரிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்காது.

எழுதியவரின் அடையாளம் முக்கியமே இல்லையா? முக்கியம்தான். காலங்காலமாகத் திருநர்களைப் பற்றி மற்றவர்கள்தான் எழுதினார்கள், அதுவும் பெரும்பாலும் கேலியாக. யாருக்குப் பக்கம் கிடைக்கிறது என்று கேட்கும்போது அடையாளத்தைப் பேசியே ஆக வேண்டும். ஆனால் இந்தக் கதை என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் கதைக்குள் இருக்கிறது. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவது கேள்விக்கு எழுதினால் மார்க் விழாது.

ஃபால் யார் என்று தெரிந்ததும் பலரின் குரல் மாறியது. என்ன மாறிவிட்டது? கதையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. முந்தைய வாசிப்பு சரியென்றால் இப்போதும் அது சரிதான். இப்போது தவறென்றால் அன்றைக்கும் தவறுதான். “அவரே திருநங்கை, விட்டுவிடுங்கள்” என்ற ஆதரவுக் குரலும் அதே விதியைத்தான் ஏற்றுக்கொள்கிறது: சான்றிதழைக் காட்டு, கதையைப் படிக்கிறோம்.

அந்த விதி யாரைச் சுடுகிறது என்று பாருங்கள். மறைக்க ஒன்றுமில்லாத ஒரு ஆண் இந்தக் கதையை எழுதியிருந்தால், தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கதைக்குப் போயிருப்பார். வெறுப்போடு எழுதுகிறவருக்கோ இந்தச் சண்டையே விளம்பரம். ‘நீ யார்?’ என்ற கேள்வி அச்சுறுத்தலாக மாறுவது இன்னும் வெளியே சொல்லாத ஒருவருக்குத்தான். சமூகத்தைக் காக்கக் கேட்ட கேள்வி, அதே சமூகத்தில் ஆகப் பலவீனமான இடத்தில் இருந்தவரைத் தேடிப்பிடித்துத் தாக்கியது. அதிலும் “இது பெண் எழுத்து இல்லை” என்பது, தன்னைப் பெண்ணாகக் கண்டடைய முயன்றுகொண்டிருந்த ஒருவருக்கு வெறும் இலக்கிய விமர்சனமா?

நமக்கும் இது தூரத்து விஷயமில்லை. தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2019இல் நிறைவேறிய திருநர் சட்டமோ மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கச் சொன்னது. திருநர்கள் தெருவில் இறங்கி அதை எதிர்த்தார்கள். ஒரு அதிகாரி கேட்கக் கூடாததை வாசகர் மட்டும் கேட்கலாமா?

“இந்தக் கதை என்னைக் காயப்படுத்தியது, பாதியில் மூடிவிட்டேன்” என்று சொல்ல எந்த வாசகருக்கும் உரிமை உண்டு. அது முழுமையான வாக்கியம். விமர்சனம் அங்கிருந்து எவ்வளவு கடுமையாகவும் போகலாம். “ஆகவே எழுதியவர் இன்னார்தான்” என்று தொடரும்போது அது வாசிப்பிலிருந்து விலகி விசாரணையாகிவிடுகிறது. தான் யார் என்று இன்னும் தெரியாத ஒருவருக்கு, அதைத் தேடிப் பார்க்கப் புனைவைவிடப் பாதுகாப்பான இடம் அதிகம் இல்லை. அதன் வாசலிலும் அடையாள அட்டை கேட்டால் அவர் எங்கே போவார்?