அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?

முதலாமாண்டு மாணவிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஓர் எழுத்துப் பயிற்சி தருவேன். உங்கள் நினைவிலிருக்கும் முதல் பெரிய செய்தி எது, அதைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். சில ஆண்டுகளாகப் பெரும்பாலான தாள்கள் 2016இல் வந்து நிற்கின்றன. நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனது. டிசம்பர் 5 ஜெயலலிதா இறந்தது. நோட்டுகளைப் பற்றி ஒரு மாணவி நாளிதழ்போலவே எழுதியிருந்தாள். கடைசி வரியை மட்டும் எழுதிவிட்டு அடித்திருந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் அம்மா சேர்த்துவைத்திருந்த நோட்டுகளை அப்பாவிடமே எடுத்துக் கொடுக்கும்படி ஆயிற்றாம்.

ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "அது நியூஸ் இல்லையே மேடம்" என்றாள்.

அந்தப் பதிலோடுதான் என் நினைவுகளை எடுத்துப் பார்த்தேன். நான் செஞ்சிக்காரி. 1984 அக்டோபர் 31 அன்று எனக்கு ஐந்து வயது. பள்ளியைப் பாதியில் விட்டார்கள். "பொம்பளைய சுட்டுட்டானுங்களே" என்று ஆயா தெருவில் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது. 1987 டிசம்பர் 24 எம்ஜிஆர் இறந்தபோது எங்கள் தெரு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து மொட்டையடித்துக்கொண்டார்கள். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த இரவு எனக்கு நிமிடம் நிமிடமாக நினைவிருக்கிறது. காரணம் ராஜீவ் அல்ல, சித்தி.

தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்திக்கு அன்று இரவு வலி கண்டது. குழந்தை திரும்பிக் கிடக்கிறது, விழுப்புரம் கொண்டுபோங்கள் என்றார் மருத்துவச்சி. வண்டி பேசி முடிப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. வண்டிக்காரர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விடியட்டும் என்றார். விடிந்தபோது கடைகள் மூடியிருந்தன, பேருந்துகள் ஓடவில்லை, சாலையில் டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. மதியம் ஒரு கார் கிடைத்தது. பெண் குழந்தை. உயிரில்லை.

எங்கள் வீட்டில் அந்த நாளுக்குப் பெயர் "ராஜீவ் செத்தப்ப" என்பதுதான். சித்தியின் குழந்தையைப் பற்றிப் பேசவேண்டி வந்தாலும் அப்படித்தான் தொடங்குவார்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் யாரோ அப்படிச் சொன்னபோது, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த சித்தி நிமிராமலே சொன்னார்: "எம்பொண்ணு பொறந்தப்பன்னு சொல்லுங்க." யாரும் அதன்பிறகு அப்படிச் சொல்லவில்லை. பேச்சை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூரிலும் இதேதான் நடந்தது. ஒரு தலைவரின் பெயரும் கொலையாளிகளின் பெயர்களும் எல்லோருக்கும் தெரியும். ராஜீவ் முன்னால் கவிதை சொல்லக் காத்திருந்த சிறுமி கோகிலவாணியும், அவளைக் கூட்டிவந்த தாய் லதா கண்ணனும், பாதுகாப்புக்கு நின்ற பெண் காவலர் சந்திராவும் அதே குண்டில் இறந்தார்கள். கவிதை எழுதுகிற எனக்கே அந்தச் சிறுமியின் பெயர் தெரிய எத்தனையோ ஆண்டுகள் ஆயின.

பெண்களை யாருமே நினைவில் வைப்பதில்லை என்று சொல்லவும் முடியாது. 2025 ஜூலையில் எங்கள் கோட்டையே செய்தியானது. மராட்டியர்களின் 12 கோட்டைகளில் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து ஒரே ஒன்றாக, யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த தேசிங்கு ராஜனின் கதையை ஊரே மறுபடி சொன்னது. அவனோடு உடன்கட்டை ஏறிய மனைவியை மெச்சி நவாப் எழுப்பிய ஊர்தான் ராணிப்பேட்டை என்பார்கள். எங்கள் ஊர்க் கதையில் தேசிங்கின் குதிரைக்குப் பெயர் உண்டு, தோழனுக்குப் பெயர் உண்டு. அவள் வெறும் ராணி. எரிந்ததால் நினைக்கப்படுகிறாள். 1987 செப்டம்பர் 4 அன்று ராஜஸ்தானின் தேவ்ராலாவில் 18 வயது ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்தபோதும் அதைக் கொண்டாடத்தான் கூட்டம் கூடியது. எம்ஜிஆர் இறந்த அதே ஆண்டு. மொட்டையடித்த தலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. அவள் பெயரைப் பிறகு புத்தகத்தில்தான் படித்தேன்.

1992 ஜூன் 20 அன்று நீ எங்கே இருந்தாய் என்று யாராவது என்னைக் கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எனக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமை. தண்ணீர் பிடித்திருப்பேன், மலையடிவாரத்தில் விளையாடியிருப்பேன். எங்கள் ஊரிலிருந்து திருவண்ணாமலை தாண்டி மேற்கே போனால் அரூர். அதற்குப் பக்கத்தில் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அன்று அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். அவர்களில் என் வயதுச் சிறுமியும் இருந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே ஆட்சியிலிருந்தவர்கள் முதலில் சொன்னார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தீர்ப்பு வந்த நாளில்தான் நான் வாச்சாத்தியை முழுதாகத் தெரிந்துகொண்டேன். அப்போது நான் பெண்ணெழுத்தைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்த விரிவுரையாளர்.

எது நம் நினைவில் தங்குவது என்பதை நாமா தீர்மானிக்கிறோம்? தலைவர் இறந்தால் பள்ளி மூடுகிறது, பேருந்து நிற்கிறது, வானொலியில் வீணை அழுகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் அந்த நாள் பதிந்துவிடும். வாச்சாத்திக்காக எந்தப் பேருந்தும் நிற்கவில்லை. அப்படியானால் நினைவில் இல்லாததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதின்மூன்று வயதுச் சிறுமிக்குத் தெரியாமல் போனது அவள் குற்றமில்லை. உலகத்தின் எல்லாத் துக்கத்தையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு எவளும் உயிர்வாழவும் முடியாது.

ஆனால் எனக்குக் கிடைத்த நினைவு யாரோ பொறுக்கித் தந்தது என்று தெரிந்த பிறகும், அதையே என் காலத்தின் சரித்திரம் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பொறுக்கலில் எனக்கும் பங்கு உண்டு. வாச்சாத்திப் பெண்கள் நினைவை வேறு விதமாக வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது மலரும் நினைவல்ல, சாட்சியம். யார் அடித்தான், யார் முடியைப் பிடித்து இழுத்தான் என்று ஆண்டுக்கணக்கில் முகங்களை மறக்காமல் காத்து, அடையாளம் காட்டி, அரசு இல்லையென்று சொன்னதை நடந்தது என்று நிரூபித்தார்கள். சித்தியும் தன் மகளின் வயதை ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த எண்ணிக்கைக்கு நீதிமன்றம் கிடையாது. கேட்பதற்கு ஆளாவது வேண்டும்.

இப்போது பயிற்சியில் இன்னொரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: அன்றைக்கு உங்கள் வீட்டுப் பெண்களுக்கு என்ன நடந்தது? தெரியாவிட்டால் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அடித்த வரியை மறுபடி எழுதித் தரும்படி அந்த மாணவியிடம் சொன்னேன். அம்மாவைக் கேட்டு எழுதிவந்தாள். ஒன்பது ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். நான்காயிரத்து ஐந்நூறு. அம்மாவுக்குக் கணக்கு அப்படியே நினைவிருந்ததாம். எதற்காகச் சேர்த்தார் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லையாம்.