சேர்ந்தாள், சேர்த்தார்கள்

‘பாட்டியை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள்.’ இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, என்ன வினை என்று கேட்டால் முதல் பெஞ்சு மாணவி யோசிக்காமல் ‘பிறவினை’ என்பாள். சரிதான். கல்லூரியில் சேர்ந்தாள், வேலையில் சேர்ந்தாள் என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறோம். எழுபது வயதுக்கு மேல் அவள் எங்கே போனாலும் ‘ஐ’ உருபு வந்து ஒட்டிக்கொள்கிறது. அவள் செயப்படுபொருள் ஆகிவிடுகிறாள்.

ஆண்களுக்கு இப்படி இல்லை. எங்கள் ஊரில் செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், வீட்டை விட்டு வந்து வாடகை அறையில் தனியாக வாழும் முதியவர்கள் பலர் உண்டு. அவர்களைப் பிள்ளைகள் தள்ளிவிட்டார்கள் என்று யாரும் பேசுவதில்லை. ‘பற்றை விட்டுட்டார்’ என்பார்கள். அதே வயதுப் பெண் வந்தால், ‘பாவம், மருமகள் சரியில்லையோ’ என்பார்கள். ஆணுக்குத் துறவு என்றால் பெண்ணுக்குக் கைவிடப்படுதல். வீடு அவளுடையது என்பதால் அல்ல இந்தப் பேச்சு. அவள் வீட்டினுடையவள் என்பதால்.

இந்த ஆசிரமமே ஒரு முதிய பெண்ணின் இடப்பெயர்வில் தொடங்கியதுதான். ரமணரின் தாயார் அழகம்மாள் 1892-இல் கணவரை இழந்தார். 1896-இல் மகன் வீட்டைவிட்டுப் போனார். 1898-இல் பவழக்குன்றில் அவரைக் கண்டுபிடித்து அழைத்துப் பார்த்தும் பலனில்லை. மூத்த மகன் 1900-இல் இறந்தார். ஆதரவாக இருந்த கொழுந்தனார், கடைசி மகனின் மனைவி என்று பின்னும் சாவுகள். 1916-இல் அழகம்மாள் தானே கிளம்பி மகனிடம் வந்துவிட்டார். முதலில் அவருக்கு இடம் கொடுத்தது எச்சம்மாள். கணவரையும் பிள்ளைகளையும் இழந்து இங்கே வந்து ரமணருக்குத் தினமும் சோறு கொண்டுபோனவர். அழகம்மாள் குகையில் தங்குவதற்கு அடியவர்களிடையே எதிர்ப்பு இருந்தது என்றும் சொல்வார்கள். பிறகு ஸ்கந்தாசிரமத்தில் அவர் அடுப்பு மூட்டினார். 1922 மே 19-இல் இறந்தார். மலையடிவாரத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் வளர்ந்தது; சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949-இல் குடமுழுக்கு நடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ரமணர் காலத்தில் பெண்கள் இரவில் தங்கக்கூடாது என்பது விதி. பகலெல்லாம் சமைத்த பெண்களும் இருட்டியதும் வெளியே போக வேண்டும்.

அழகம்மாள் ‘வந்தார்’. தன்வினைதான். ஆனால் அந்த வினையை நான் முழுதாக நம்புவதில்லை. இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியான பிறகு வந்தவர் அவர். ‘யாருக்கும் பாரமா இருக்க வேணாம், நானே போயிடறேன்’ என்று சொல்லும் எத்தனை பெண்களை நமக்குத் தெரியும்? அவர்களுடைய தன்வினைக்குள் ஒரு பிறவினை ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்விதான்: போகாமல் இருந்திருக்க முடியுமா அவளால்? போனபின் பிடிக்கவில்லையென்றால் திரும்பி வர ஓர் இடம் உண்டா?

சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) மகன், மகள், பேரன், பேத்தி என்று பிள்ளைகளைப் பட்டியலிடுகிறது. மருமகள் அதில் இல்லை. ஆனால் மலச்சட்டி எடுப்பவள் பெரும்பாலும் அவள்தான். 2019-இல் ஒரு திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் சேர்க்கப் பார்த்தது. நியாயமாகத் தோன்றலாம். கூலியில்லாமல் வழக்கமாகச் செய்துவந்ததை, கூலியில்லாமலேயே சட்டக் கடமையாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. முதியவளுக்குத் தெரிவு இல்லாத வீட்டில் பராமரிப்பவளுக்கும் தெரிவு இருப்பதில்லை. இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள்.

என் பெரியம்மா ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை, பிள்ளைகள் இல்லை. சென்ற ஆண்டு, ஆசிரமப் பகுதியில் ஓர் இல்லத்துக்குப் போவது என்று முடிவு செய்தார். ஓய்வூதியம் அவர் கணக்கில் வருகிறது. வீட்டை விற்கவில்லை, ஆறு மாதம் பூட்டி வைத்துப் பார்ப்போம் என்றார். (ஓய்வூதியம் இல்லாத பெண்ணால் இப்படிச் சொல்ல முடியாது என்பதையும் எழுதிவிடுகிறேன். தெரிவு என்பதில் பாதி பணம்.) அறையைப் பார்க்கப் போனபோது ஜன்னலைப் பார்க்கவில்லை, மலை தெரிகிறதா என்று கேட்கவில்லை. “உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லையே?” என்றார். விழுந்துவிட்டால் கதவைத் திறக்க முடியாது, அதனால் வைப்பதில்லை என்றார் மேலாளர்.

“வெளியிலேர்ந்து திறக்கிற மாதிரி பூட்டு கடையில கிடைக்குது. நானே வாங்கித் தரேன்.”

பிறகு விண்ணப்பம் வந்தது. சேர்ப்பவர் பெயர், உறவுமுறை, கையொப்பம் என்று மூன்று கட்டங்கள். சேருகிறவர் கையெழுத்துப் போட இடமே இல்லை. மேலாளர் பேனாவை என்னிடம் நீட்டினார்.

“பெரிம்மா, இதுல…”

“கொண்டா இங்க.”

சேர்ப்பவர் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். உறவுமுறை என்ற இடத்தில் ‘நானே’ என்று எழுதி, வருகைப்பதிவேட்டில் போட்டுப் பழகிய அதே கையெழுத்தைப் போட்டார். உறவினர் ஒருவர் கையெழுத்தும் வேண்டும் என்று மேலாளர் பிடிவாதமாக நின்றதால், கீழே சாட்சி என்று எழுதி நானும் போட்டேன்.

பூட்டு மாட்ட இரண்டு வாரம் ஆனது. அதற்குள் சொந்தக்காரர்கள் எனக்கு ஃபோன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பெரியம்மாவை ஏன் கொண்டுபோய் விட்டாய் என்று. என் தம்பியை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் பெரியம்மாவின் எண்ணை அனுப்பினேன். இரண்டு பேர் மட்டும் அவரைக் கூப்பிட்டார்களாம்.