உரிமையா, சலுகையா?

கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் ஆட்சி நிலவிய காலத்தில், தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்தவர் பத்தாண்டுகளுக்கு மேலும் காத்திருப்பது இயல்பாயிருந்தது. 1989-இல் பெர்லின் சுவர் வீழ்ந்தபோதும் நூறு வீடுகளில் இருபதில்கூட அக்கருவி இல்லை. கம்பிவடமும் இணைப்பகங்களும் போதாமை ஒரு காரணம், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கட்சிப் பொறுப்பாளர்களுக்கும் மருத்துவர் போன்றோருக்கும் முன்னுரிமை இருந்தது. மருத்துவருக்கு அளித்ததை யார் குறைகூறுவார்?

மற்றவர்க்கோ, உரிமையாக வரவேண்டியது சலுகையாக வந்தது. சலுகை பெற்றவர் நன்றிக்கடன் பட்டவராகிறார். கடன்பட்ட நா எளிதில் முறையிடாது. இத்தகைய நன்றியை அறமெனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே என் துணிபு. தமக்குரியதைப் பெற்றவர் எவருக்கும் கடனாளியல்லர்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. அந்நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 31-ஆம் விதி, அஞ்சல், தொலைபேசி இவற்றின் இரகசியம் மீறப்படலாகாது என உறுதி கூறியது. ஆனால் 'ஸ்டாசி' எனப்பட்ட உளவுத்துறையிலோ, ஒட்டுக்கேட்பதற்கென்றே 26-ஆம் பிரிவு இயங்கியது! இணைப்பைக் கொடுத்த அரசே மறைந்திருந்து செவிமடுத்தது. நன்றி சொன்ன குரலையும் அது கேட்டிருக்கும்.

1992 முதல் அத்துறையின் கோப்புகளைப் பார்வையிட மக்களுக்கு வழி பிறந்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற கருவியில் தாம் பேசியவற்றைப் பிறர் எழுத்தில் படிக்கச் சென்றோர் உண்டு. படிக்க மனமின்றி, விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டோரும் உண்டு.