இராச கதையும் வாய்மை விரதமும்

நம் ஆகமங்கள் பிரமாதம் பதினைந்து என்று எண்ணிக் கூறுகின்றன. பேச்சு வழக்கில் 'பிரமாதம்' என்பதை நாம் பாராட்டாகக் கொள்கிறோம். ஆகம வழக்கிலோ அது விழிப்பின்மை, மனத்தின் சோர்வு. அப்பதினைந்தில் கஷாயங்கள் நான்கு, பொறிகள் ஐந்து, உறக்கம் ஒன்று, பற்று ஒன்று. எஞ்சிய நான்கும் விகதைகள், அதாவது வீண் பேச்சுகள்: பெண்களைப் பற்றிய கதை, உணவுக் கதை, நாட்டுக் கதை, இராச கதை. இளமையில் இதனை மனப்பாடம் செய்தபோது உணவுக் கதை ஏன் விலக்கப்பட்டது என்பது எளிதில் விளங்கிற்று. எங்கள் ஊரில் ஒரு திருமணம் நடந்தால் அதன் பந்தியைப் பற்றி ஒரு மாதம் பேசுவார்கள். இராச கதைதான் விளங்கவில்லை. அரசர்களே இல்லாமற்போன நாட்டில் அவர்களைப் பற்றிப் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று எண்ணினேன்.

2024 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் வாழும் நம்மவர் சிலர் ஓர் இல்லத்தில் கூடிச் சுவாத்தியாயம் முடித்து எழுந்தோம். காப்பி வருவதற்குள் பேச்சு இலண்டனுக்குப் போய்விட்டது. வேல்ஸ் இளவரசி கேத்தரினுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்ததாக ஜனவரி 17 அன்று அரண்மனை அறிவித்திருந்தது. அதன்பின் அவரை எவரும் பொது நிகழ்ச்சிகளில் காணவில்லை. மார்ச் 10 அன்று வெளியான குடும்பப் படமும் திருத்தப்பட்டது என்று கூறிச் செய்தி நிறுவனங்கள் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. அப்படத்தில் மகளின் சட்டைக்கை பொருந்தாதிருப்பதை ஒருவர் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினார். நானும் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஒருவர் ஒரு காரணம் கூறினார். மற்றவர் அதனினும் சுவையான காரணம் கூறினார். அவற்றை இங்கு எழுதினால் நானும் பரப்பியவள் ஆவேன்.

ஐந்து நாள் கழித்து, மார்ச் 22 அன்று, இளவரசியே திரையில் தோன்றிப் பேசினார். அறுவைக்குப் பின் நடந்த சோதனைகளில் புற்றுநோய் இருந்தது தெரியவந்ததாகவும், அதனைத் தம் மூன்று சிறு குழந்தைகளுக்கும் அவர்கள் அஞ்சாதபடி எடுத்துச் சொல்லக் காலம் தேவைப்பட்டதாகவும் கூறினார். ஒரு தாய் தன் மக்களிடம் என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்த நாட்களில் நாம் இங்கே சட்டைக்கையை அளந்துகொண்டிருந்தோம். அடுத்த ஞாயிறன்று எவரும் அப்பேச்சை எடுக்கவில்லை. ஓர் அம்மையார் மட்டும், "நான் அன்றைக்கே பெரிய வியாதி என்று சொன்னேனே!" என்றார்.

அச்சொல் என்னை விடவில்லை. ஊகித்தது பின்னர் உண்மையாகிவிட்டால், ஊகித்துக் கூறியவர் மெய் கூறியவர் ஆவாரா?

இதற்கு விடை தேடுமுன், எதிர்வழக்கு ஒன்றனையும் கேட்டல் முறையாகும். ஆள்பவரின் உடல்நிலை ஆளப்படுவோர்க்குத் தெரிய வேண்டாவா? நம் மாநிலத்தில் முடி சூடாத அரசர்களின் நோயை இருமுறை கண்டிருக்கிறோம். 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அப்போது என் வகுப்பில் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், "எம்.ஜி.ஆர். செத்துட்டாராம் டீச்சர்" என்றான். அவனைக் கடிந்து உட்கார வைத்தேன். இடைவேளையில் ஆசிரியர் அறைக்குச் சென்று, "உண்மைதானா?" என்று நானே கேட்டேன்! அவர் மருத்துவமனையில் இருக்கும் ஒளிப்படக் காட்சியை ஊர் ஊராகத் திரையிட்ட பின்னரே பலர் அவர் உயிரோடிருப்பதை நம்பினர். டிசம்பர் தேர்தலில் அவர் ஆண்டிப்பட்டித் தொகுதிக்கு ஒருமுறையேனும் செல்லாமல் வென்றார். 1985 பிப்ரவரியில் சென்னை திரும்பினார்.

2016இல் நிலைமை இதனினும் இருண்டது. செப்டம்பர் 22 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது காய்ச்சல், நீரிழப்பு என்றே முதலில் அறிவித்தார்கள். எழுபத்தைந்து நாட்கள் மக்கள் அவரைக் காணவில்லை. வதந்தி பரப்பியதாகப் பலர்மீது வழக்குகள் பாய்ந்தன, சிலர் கைதாயினர். ஆனால் 2017 செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் ஒரு மேடையில், அம்மையார் இட்லி உண்டார் என்று தாங்கள் கூறியது பொய் என ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பொய் வதந்திக்குச் சிறை; பொய்ச் செய்திக்கு என்ன தண்டனை என்று அன்று என் பக்கத்து வீட்டார் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. பின்னர் நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் விசாரித்து 2022இல் அறிக்கை அளித்தது.

ஆகவே, கேட்பது குற்றமன்று என்றே நான் கருதுகிறேன். கோப்புகளில் கையொப்பம் இடுபவர் யார், ஆட்சிப் பொறுப்பு எவரிடம் உள்ளது என்று கேட்பது குடிமக்களின் உரிமை, கடமையுங்கூட. மறைப்பவர்கள் வதந்திக்கு நாற்றங்கால் இட்டவர்கள். ஆனால் நம் திண்ணைகளில் கையொப்பத்தைப் பற்றியா பேசினோம்? உடம்பைப் பற்றிப் பேசினோம். கேள்வி கேட்டவர் விடைக்குக் காத்திருப்பார்; நாமோ கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் கைம்மாற்றினோம்.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வாய்மை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் காட்டுகிறார். அவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு உரியவை. ஒன்று, பிறருடைய அந்தரங்கத்தை வெளியிடுதல். மற்றொன்று சாகார மந்திர பேதம்: ஒருவரது முகக்குறி, உடற்குறி முதலியவற்றைக் கொண்டு அவர் மறைத்திருப்பதை ஊகித்தறிந்து பிறருக்கு உரைத்தல். சட்டைக்கையைக் கொண்டு நோயை அறிவது இதுவன்றி வேறென்ன?

தாம்பரத்தில் வாழும் நமக்கு இது அரண்மனை விவகாரம் மட்டும் அன்று. 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கு ஒரு சானடோரியம் நிறுவினார். அதன் பெயரே இரயில் நிலையத்துக்கும் ஆயிற்று. 1990களிலிருந்து அங்கே எய்ட்ஸ் நோயாளிகளும் சிகிச்சை பெற்று வருகின்றனர். அந்நிலையத்தில் இறங்கும் ஒருவர் சற்று மெலிந்திருந்து, இருமிவிட்டால் போதும். பெட்டியில் உள்ளோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் தம் தந்தைக்கு மருந்து வாங்க அங்கு மாதந்தோறும் சென்று வந்தார். வீட்டுக்காரர் காரணம் கூறாமல் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். இளவரசியாவது திரையில் தோன்றி விளக்க முடிந்தது. இவ்விளைஞர் எவரிடம் போய் விளக்குவார்?

இனி வினாவுக்கு வருவோம். பொய் எது என்று கூறும் அதே சூத்திரம், பிரமாதத்தோடு கூடி உரைக்கும் தகாத சொல்லே பொய் என்கிறது. கொலைக்கும் இதே இலக்கணந்தான். பார்த்து நடப்பவரின் காலடியில் தவறி ஓர் எறும்பு மடிந்தாலும் அவருக்கு இம்சை இல்லை. பாராது நடப்பவரின் காலடியில் எதுவும் மடியாவிடினும் அவருக்கு இம்சை உண்டு என்பது குந்தகுந்த ஆசாரியர் பிரவசனசாரத்தில் தெளிவாக்கிய கருத்து. எறும்பு பிழைத்தது எறும்பின் நல்வினை. நடந்தவரின் நற்பண்பு அன்று. இதனைச் சொல்லுக்கும் பொருத்திப் பார்த்தால், அந்த அம்மையாரின் ஊகம் பலித்தது தற்செயல். அவர் பாராமல் நடந்தார், அவ்வளவே. இராச கதை ஏன் பிரமாதத்தின் பட்டியலில் இருக்கிறது என்பது எழுபது வயதுக்குமேல் எனக்கு விளங்கியது.

அவரைக் குறை கூறும் தகுதி எனக்கு உண்டா என்பது வேறு. தமிழாசிரியையாக நான் பல ஆண்டு கற்பித்த ஓர் ஈறு 'ஆம்'. வந்தாராம், போனாராம் என்று, பிறர் கூறக் கேட்டதை இது குறிக்கும். வேறு மொழியார் 'என்று கூறப்படுகிறது' என நீட்டி உரைப்பதை நாம் ஈற்றில் ஒரு சிறு சொல்லால் முடித்துவிடுகிறோம். பொறுப்பைத் துறப்பதற்கு இத்துணை எளிய வழி உண்டா?

2016 டிசம்பர் 5 மாலை, சில தொலைக்காட்சிகள் முதலமைச்சர் காலமானார் என்று அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்தில் இறங்கிற்று. தாம்பரம் கடைவீதியில் கதவுகள் இறங்கும் ஓசை எங்கள் வீடு வரை கேட்டது. நான் உடனே வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அக்காவுக்குத் தொலைபேசியில், "அம்மா போயிட்டாங்களாம்" என்றேன். அக்கா ஜெயலலிதா அவர்களிடம் உயிரையே வைத்திருந்தவர். அவர் தெருவுக்கு ஓடி அழுது, அக்கம்பக்கத்தார் எல்லாரையும் கூட்டிவிட்டார். சிறிது நேரத்தில் மருத்துவமனை அச்செய்தியை மறுத்தது. கொடி மீண்டும் ஏறியது. நான் மறுபடி அழைத்துச் சொன்னபோது அவர் நன்றி கூறி, பகவானுக்கு விளக்கேற்றப் போவதாகச் சொன்னார். அன்றிரவு 11.30க்கு முதலமைச்சர் இயற்கை எய்தினார்.

ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் என் சொல் உண்மையாயிற்று. அக்கா ஒரே இறப்பை இருமுறை அழுதார். இடையில் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருக்கையிலேயே இரண்டாம் முறை அழுதார்.

காரியம் எல்லாம் முடிந்து நான் ஊருக்குப் போனபோது, "டிவியில சொன்னாங்க, அதைத்தானே சொன்னேன்?" என்றேன். அக்கா கோபிக்கவில்லை. "டிவி சொல்லியிருந்தா, இருக்கட்டும் பார்ப்போம்னு இருந்திருப்பேன். டீச்சர் நீ சொன்னதாலதான் எழுந்து ஓடினேன்" என்றார்.

இப்போது அவருக்கு எண்பது கடந்துவிட்டது. தொலைபேசியில் மழை, பயிர், பேரப்பிள்ளைகள் எல்லாம் விசாரிப்பார். சென்னையில் என்ன செய்தி என்று மட்டும் அதற்குப் பின் என்னைக் கேட்டதில்லை.