தடித்த தோலின் தைரியம்

அச்சமின்மை ஒரு குணமா, அல்லது ஒரு சௌகரியமா? இந்தக் கேள்வியை ஒரு மிருகத்தை வைத்துக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. தறைக்கரடி என்றும் தேன்வளைக்கரடி என்றும் சொல்லப்படுவது. பெயரில்தான் கரடி, உறவு நீர்நாயுடன். பெரும்பாலும் இரவில், தனியாக அலையும். வளை தோண்டும், எலியையும் பாம்பையும் தின்னும், தேனடையைப் பிய்க்கும். சேர்வராயன் மலையடிவாரத்தில், எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில், இதைப் பார்த்ததாகச் சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. கர்நாடகத்தின் காவிரிக் கரைக் காட்டில் தானியங்கிக் கேமராவில் பதிவான படங்கள் 2014இல் வெளியாயின. அதற்கு முன்பே, 2011இல், யூட்யூபில் பரவிய ஒரு வீடியோ, எதையும் லட்சியம் செய்யாத வீரனாக இதை உலகப் பிரசித்தமாக்கிவிட்டது.

இந்த வீரத்தின் உள்விவரம் வேறு. கழுத்துப் பக்கம் தோல் சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன். அது தளர்ந்தும் கிடப்பதால், சிறுத்தை பிடரியைக் கவ்வினாலும் தோலுக்குள்ளேயே உடம்பைத் திருப்பிக் கடிக்க முடியும். நல்லபாம்பின் விஷம் தசையிலுள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டுதான் மூச்சை நிறுத்துகிறது. இதன் ஏற்பி மாறுபட்டிருப்பதால் விஷம் எளிதில் ஒட்டாது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, நாம் வீரம் என்று கைதட்டுவதில் பாதி தோல், பாதி புரதம்.

கடலலைக்கும் பூகம்பத்துக்கும் அஞ்சாதவர்களாகச் சொல்லப்பட்ட கெல்ட் மக்களைக் குறிப்பிடும் அரிஸ்டாட்டில், அந்த அளவு அஞ்சாமையைத் தைரியத்தில் சேர்க்க மறுக்கிறார். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாததை வள்ளுவரும் பேதைமையின் கணக்கில்தான் வைக்கிறார். நம் பேச்சுவழக்கு இன்னும் கறாரானது: 'எருமைத் தோல்' என்று யாரும் யாரையும் பாராட்டுவதில்லை.

பத்து வருஷ வங்கி வேலையில் நான் கண்ட 'பயமறியாத' மேலதிகாரிகள் சிலருக்கு இந்தத் தோல் வாய்த்திருந்தது. கடன் மூழ்கினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருவது அவர்களுக்கல்ல. கீழே கையெழுத்துப் போட்டவனுக்கு. மாறாக, ஈடாக வந்த பத்திரம் சரியில்லை என்று கையெழுத்துப் போட மறுத்த ஒரு குமாஸ்தாவின் விரல்கள் நடுங்கியதையும் பார்த்திருக்கிறேன். வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், மாற்றல் உத்தரவு எல்லாம் அந்த நடுக்கத்தில் இருந்தன. மறுநாளும் அவர் போடவில்லை. தைரியம் என்ற சொல்லை நான் அவருக்கே ஒதுக்குவேன்.

மிருகத்துக்கு அநியாயம் செய்ய வேண்டாம். வீரப் பட்டத்தை அது கேட்கவில்லை. சிங்கமும் சிறுத்தையும் அதைக் கொல்வதுண்டு. பெட்டை வழக்கமாக ஒரே ஒரு குட்டியை ஒரு வருஷத்துக்கு மேல் கூடவே வைத்து வளர்க்கிறது. குட்டி சிறிதாக இருக்கையில், சில நாட்களுக்கு ஒருமுறை அதை வாயில் கவ்விக்கொண்டு வளை மாற்றுகிறது. இதைப் பயம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் எதையும் லட்சியம் செய்யாத ஜீவன் செய்கிற காரியம் அல்ல இது. தாயின் தோல் குட்டிக்கு இன்னும் வரவில்லை.

உலகப் பிரசித்தியில் இந்தத் தாய்க்கு இடமில்லை. நமக்கு வேண்டியிருந்தது இழக்க எதுவுமில்லாத ஒரு வீரன். இழக்க ஒன்று இருக்கும் இடத்தில்தான் தைரியத்தைப் பற்றிய பேச்சே ஆரம்பமாக முடியும்.