சீட்டுப் பணமும் வாயில்லா ஜீவனும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வியாபாரப் பெருமக்களின் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகிறது: பேரப்பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? கடையே கதியென்று கிடந்து, தாம் பெற்ற மக்களின் பிள்ளைப் பருவத்தைக் கண்ணாரக் காணாதவர்கள் நம்மில் பலர். அந்தக் குறையைப் பேரப்பிள்ளைகளிடமாவது தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இயற்கையானது, பாராட்டத்தக்கதுமாகும். பிள்ளைகளோ மிருகங்களையும் பறவைகளையும் காணவே விரும்புகின்றனர். அதற்கு இடப் பஞ்சமில்லை. பினாங்குத் தீவின் தாவரத் தோட்டம் 1884-இல் அமைந்தது. தைப்பிங்கில் 1961-இல் மிருகக்காட்சிசாலை ஏற்பட்டது. பிறைக்கு அருகே செபராங் ஜெயாவில் 1988-இல் பறவைப் பூங்கா திறக்கப்பட்டது. ஆயினும் புறப்படுமுன் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. வாயில்லா ஜீவன்களைக் காட்டும்போது நாம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கிறோம்?

பணம் கொடுத்தால் சரக்கு வந்தாக வேண்டும் என்பது வியாபாரிக்கு ஊறிப்போன வழக்கம். கடையில் அது நியாயம். அந்த வழக்கத்தையே மிருகங்களிடமும் கொண்டு செல்கிறோம். சீட்டுப் பணம் கட்டியாயிற்று. ஆகவே உறங்கும் புலியைக் கம்பியைத் தட்டியாவது எழுப்ப வேண்டும். மலைப்பாம்பைத் தோளில் போட்டுப் பேரன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பணம் வீண் என்கிறோம். இரு தரப்பாரும் மனமொப்பிச் செய்வதே வியாபாரம் என்பதை நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. இந்தப் பேரத்தில் மிருகம் ஒரு தரப்பே அன்று. அது விலை பேசவில்லை, பணத்தை வாங்கவுமில்லை. நாம் கொடுத்த சீட்டுப் பணம் உள்ளே நுழைவதற்கு மட்டுமே. அந்த ஜீவனின் உறக்கத்தையும் அச்சத்தையும் நாம் விலைக்கு வாங்கிவிடவில்லை.

தாவரத் தோட்டத்துக் குரங்குகளைப் பாருங்கள். வாழைப்பழமும் கடலையும் நீட்டுவதைத் தர்மம் என்றே பலர் எண்ணுகின்றனர். கையிலிருந்து தின்று பழகிய குரங்கு மனிதனிடம் கொண்ட அச்சத்தை இழக்கிறது. நாளை கொடுக்காத கையிலிருந்து பறிக்கிறது, பிள்ளையைக் கடிக்கிறது. உடனே புகார் பறக்கிறது. குரங்கைப் பிடிக்கவும் கொல்லவும் ஆட்கள் வருகிறார்கள். பழம் கொடுத்தவர் வீட்டில் நிம்மதியாக இருக்க, தண்டனை குரங்குக்கு!

திரெங்கானு மாநிலத்தின் ரந்தாவ் ஆபாங் கடற்கரை இதைவிடப் பெரிய பாடம். மலாய் மக்கள் பினியு பெலிம்பிங் எனச் சொல்லும் பேராமைகள் இரவில் கரையேறி அங்கே முட்டையிட்டு வந்தன. 1950-களில் ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் அளவுக்கு முட்டைக் குழிகள் கணக்கிடப்பட்டன. வேடிக்கை பார்க்க ஜனங்கள் கூடினர். விளக்கடித்தனர்; முட்டையிடும் ஆமையின் முதுகில் பிள்ளைகளை ஏற்றியும் அமர்த்தினர். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் அக்குழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றாயிற்று. வேடிக்கை பார்த்தவர்களால் மட்டுமே இந்த அழிவு வந்தது என்று நாம் சொல்லவில்லை. முட்டைகளை வகைதொகையின்றி எடுத்து விற்றதும், மீன்பிடி வலைகளில் ஆமைகள் சிக்கி மாண்டதுமே பெருங்காரணங்கள். ஆனால் முதுகில் ஏறி அமர்ந்த மனமும் முட்டையை மிச்சமின்றி வாரிய மனமும் ஒன்றுதான். இரண்டும் “இது எனக்காக வந்தது” என்றே எண்ணின.

நாயகம் (ஸல்) அவர்களுடன் பயணம் சென்ற தோழர்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகள் இரண்டை எடுத்துக்கொண்டனர். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட பெருமானார் அவர்கள், அதன் பிள்ளைகளைக் கொண்டு அதைத் துன்புறுத்தியவர் யார் என வினவி, குஞ்சுகளைத் திருப்பித் தரும்படி பணித்தார்கள். தோழர்கள் கொடியவர்கள் அல்லர். அழகைக் கண்டு கையில் எடுத்தவர்களே. ஆசை நல்லதாயினும் அதனால் மற்றோர் உயிர் தவிக்கக் கூடாது என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை.

“தொட்டுப் பழகினால்தானே பிள்ளைக்கு அன்பு பிறக்கும்?” என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. தொட்டுப் பழக வீட்டுப் பூனை இருக்கிறது. அது தானே மடிதேடி வருகிறது, விருப்பமில்லாதபோது எழுந்து போகிறது. காட்டு ஜீவனிடம் பிள்ளை கற்க வேண்டியது பொறுமை.

அதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரை சேற்றுக் கடற்கரை நீள்கிறது. சைபீரியா முதலிய வடதேசங்களிலிருந்து ஆண்டுதோறும் கரைப்பறவைகள் அங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. முழங்கால் வலியுள்ள பாட்டனாரும் நாற்காலி போட்டு அமர்ந்து, தொலைநோக்கியைப் பேரன் கையில் கொடுக்கலாம். கிட்டே ஓடி விரட்டினால், நெடும்பயணத்துக்காக அவை தின்று சேர்த்த வலு வீணாகும் என்று சொல்லிக் கொடுக்கலாம். ஒருநாள் பறவை வராமலும் போகும். “ஏன் நன்னா வரவில்லை?” என்று பிள்ளை கேட்கும். “வருவதும் வராததும் அதன் இஷ்டம்” என்பதே தக்க பதில்.

ஆகவே பயணத்துக்குத் திட்டமிடும்போது செலவுக் கணக்குடன் இதையும் கேட்டுக்கொள்வோம்: நம்மை விரும்பாவிட்டால் அந்த ஜீவன் விலகிப் போக வழி உண்டா? கூட்டில் இருப்பதாயின் ஒதுங்க நிழலும் மறைவும் உண்டா? இல்லையெனில் நம் பணத்தை அங்கே கொடுக்க வேண்டாம்.

இன்று சீட்டுப் பணத்துக்காக மிருகத்தை எழுப்பச் சொல்லும் பிள்ளைதான் நாளை நம் கல்லாவில் அமரப் போகிறது. அந்தக் கடையில் எதிர்த்துப் பேச இயலாத வேலையாட்களும் இருப்பார்கள். மாதச் சம்பளம் கொடுப்பதால் அவர்களுடைய உறக்கமும் மானமும் தனக்குச் சொந்தம் என்று அப்பிள்ளை நினைக்கக் கூடாது. கடையைப் போலவே பேரப்பிள்ளையின் மனமும் நம்மிடம் விடப்பட்ட அமானிதம். அதை இந்த விடுமுறையிலிருந்தே பேணத் தொடங்குவோமாக!